தில்லைநாயகம் அண்ணாச்சி கேட்ட ஒரே ஏலம்

எங்கள் பஞ்சாயத்துப் போர்டு நடத்தும் ஏலம் ஒவ்வொன்றுக்கும் வந்து, முன் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு தடவைகூட வாய் திறக்காமல் எழுந்து போவதையே தொழிலாக வைத்துக் குடும்பம் நடத்திய ஒரு மனுஷர் இருந்தார். பெயர் தில்லைநாயகம். வக்கீல் பேசிப் பிழைக்கிறார், மாட்டுத் தரகன் பேசிப் பிழைக்கிறான். பேசாமல் பிழைத்தவர் எனக்குத் தெரிந்து தில்லைநாயகம் அண்ணாச்சி ஒருத்தர்தான்.

எந்தப் போர்டு என்று கேட்காதீர்கள். தென்காசிக்கும் குத்தாலத்துக்கும் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் அங்கேதான் பியூனாக இருக்கிறேன். பெயரைச் சொன்னால் தோளில் கிடக்கிற டவாலிப் பட்டையைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். காகிதம் தூக்குவது, தண்ணீர் வைப்பது போக, ஏலம் கூறுவதும் என் வேலை. தொண்டை பெரிசு, படிப்பு சிறிசு. அந்த உத்தியோகத்துக்கு அது போதும்.

ரோடு, பாலம், கிணறு, எந்த வேலையாக இருந்தாலும் ஓவர்சியர் ஒரு மதிப்புப் போடுவார். அதற்குக் கீழே யார் அதிகமாகக் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கு வேலை. முன்பணம் கட்டியவர்கள்தான் கேட்கலாம். ஏழெட்டுக் காண்ட்ராக்டர்கள் முன்பணம் கட்டுவார்கள். கேட்பது மட்டும் ஒருத்தர், ஆவுடையப்பன் முதலாளி. மதிப்புக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டுவிட்டு மீசையைத் தடவுவார். மற்றவர்கள் விட்டத்தைப் பார்ப்பார்கள். நான் மூன்று தரம் கூறி முடிப்பேன். சாயங்காலம் முதலாளி கடையில், விட்டத்தைப் பார்த்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை மடிப்புக்குள் ஏதோ இருக்கும். அதற்கு ஒதுங்குகூலி என்று எங்களுக்குள் பெயர்.

மற்றவர்களுக்கு அது மேல்வரும்படி. அண்ணாச்சிக்கு அதுதான் வரும்படியே. இளவயதில் குத்தாலத்தில் ஒரு ஜமீன் பங்களாவுக்குச் சுற்றுச்சுவர் கட்டினார். நல்ல சுண்ணாம்பு, நல்ல கல், சுவர் இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் அந்த ஜமீனிடம் கூலி வாங்குவதற்குள் அவர் கைமுதல் போய் உட்கார்ந்துவிட்டார். அதோடு கட்டுகிற ஆசை போயிற்று. முன்பணம் மட்டும் தவறாமல் கட்டுவார். முன்பணம் கட்டாதவன் சும்மா இருந்தால் அவன் வேடிக்கை பார்க்கிறவன். கட்டியவன் சும்மா இருந்தால் அதற்கு ஒரு விலை உண்டு.

திருட்டுக் கூட்டாளிகளுக்குள் நம்பிக்கை வேண்டுமே, அதற்கு முதலாளி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். வருஷா வருஷம் சித்திரை முதல் வெள்ளி, ஓடைக்கரை மாடசாமி பீடத்தில் எல்லோரும் கூடுவார்கள். கற்பூரம் ஏற்றுவார்கள். ஒவ்வொருத்தராக வந்து, “இந்த வருசத்து வேலை எதுலயும் முதலாளிக்கு எதிரா கேக்க மாட்டேன்” என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். ஏன் காசிவிசுவநாதர் கோயிலில் வைத்துக்கொள்ளவில்லை என்று நான் ஒரு தடவை கேட்டேன். “அவரு பொறுமைசாலிலே. பொய் சொன்னா அடுத்த ஜென்மத்துல பாத்துக்கிடுவாரு. மாடன் மறுநாளே வந்துருவான்” என்றார் முதலாளி.

இப்படி ஏலமும் கற்பூரமுமாகப் போய்க்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு ஒரே மகள், குழல்வாய்மொழி. அவளை ஓடைக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்தார்.

அக்கரை அதுவரை கொள்ளுக்காடு. குத்துக்கல்வலசைப் பக்கமாக ஊர் வளருகிறது என்று சொல்லி, அதை வீட்டுமனைப் பகுதியாகப் போர்டில் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்துக்கு முந்தின மாசம் அந்தக் காட்டில் பாதியை வாங்கியிருந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மீசையைத் தடவுகிறவர்தான். மனை மலிவு என்று அண்ணாச்சியின் மருமகன் அங்கே ஒன்று வாங்கி வீடு கட்டினான். அவனுக்குப் புளியறையில் மர டிப்போவில் கணக்கு வேலை. வாரத்துக்கு ஒருநாள் வருவான். வீட்டுமனை என்று ஆன பிறகு ஓடையைத் தாண்ட ஒரு பாலம் வேண்டாமா? அதற்கும் ஏலம் நடந்தது. முதலாளி கேட்டார். அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்தார். நான் மூன்று தரம் கூறினேன்.

அந்தப் பாலத்தில் சுண்ணாம்பு என்பது மேலே அடித்த வெள்ளைதான். உள்ளே முழுக்கச் செம்மண். நல்ல சுண்ணாம்பெல்லாம் முதலாளி குத்தாலத்தில் சீசனுக்கு வாடகை விடக் கட்டின வீட்டுக்குப் போயிற்று. முதல் கார்த்திகை மழையில் பாலம் கரைந்து ஓடையோடு போனது. அன்றைக்குத்தான் குழல்வாய்மொழிக்கு முதல் பிரசவம். மருத்துவச்சி ஹாஜரா பீவி இக்கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். அக்கரையில் குழந்தை பிறந்தது. கொடி கழுத்தைச் சுற்றிப் பிறந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குழந்தை தங்கவில்லை.

அந்தப் பாலத்துக்கு அண்ணாச்சி வாங்கின ஒதுங்குகூலியில் அவர் மகளுக்கு வளைகாப்பு நடந்திருந்தது. இதை ஊரில் யாரும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாமலும் இல்லை.

இரண்டு வருஷம் பாலமில்லை. வேனிலில் ஓடையில் இறங்கி ஏறுவார்கள், மழைக்காலத்தில் இலஞ்சி வழியாகச் சுற்றுவார்கள். வெள்ளம் பெருகினால் அந்த வழியும் கிடையாது. அப்புறம் ஒரு ஆடியில், குழல்வாய்மொழி மறுபடி உண்டாகியிருக்கிறாள், கார்த்திகையில் பேறுகாலம் என்று சேதி வந்தது. அதே வாரம் போர்டிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஓடைப் பாலம் புதிதாகக் கட்ட, ஆவணி முதல் வாரம் ஏலம். ஒட்டியது நான்தான்.

“பிள்ளையை இங்கன கூட்டிட்டு வந்துருங்க அண்ணாச்சி. இக்கரையிலயே பெத்துக்கிடட்டும்” என்றேன் அவரிடம்.

“கூப்பிட்டேன் குத்தாலிங்கம். வர மாட்டேங்கா.”

“ஏன்?”

பின்னால் நின்ற அவர் மனைவி அகிலாண்டம் சொன்னாள். “அந்தக் காசுல வாங்குன அரிசியை இனிமே திங்க மாட்டேன்னு சொல்லுதா. எங்க வீட்டுப் பச்சைத்தண்ணி அவ பல்லுல பட்டு ரெண்டு வருசம் ஆச்சு.”

அண்ணாச்சிக்கு முன்னால் இரண்டு பயம் இருந்தது. ஏலத்தில் வாய் திறக்காவிட்டால் முதலாளி மறுபடி செம்மண்ணில் கட்டுவார். கார்த்திகையில் பாலம் போகும். மகள் அக்கரையில் கிடப்பாள். வாய் திறந்தால் சித்திரையில் செய்த சத்தியம் உடையும்; மாடன் வருவான். யாரிடம் வருவான்? பிள்ளைத்தாய்ச்சியிடம்தான் வருவான். ஓடைக்குப் பயந்தாலும் மகள், சாமிக்குப் பயந்தாலும் மகள். அவர் ஒரு வாரத்தில் இளைத்துப்போனார். தலைப்பாகை காதுவரை இறங்கிவிட்டது.

கடைசியில் மாடசாமி பூசாரியிடம் போனார். நானும் கூடப் போனேன். ஒரு விஷயம் நடக்கிற இடத்தில் இல்லாமலிருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பூசாரி கிழவர் வெகுநேரம் யோசித்தார். “சத்தியத்தைத் திருப்பிக் குடுக்கலாம். எங்க அய்யா காலத்துல ஒருத்தன் குடுத்திருக்கான். இந்த வருசம் வாங்குனதை எல்லாம் பீடத்துல வச்சுரணும். சத்தியம் வாங்குனவன் எதுத்தாப்புல நிக்கணும். அணைச்ச கற்பூரத்துக்கு ஈடா ஒரு கட்டி ஏத்தி, அது தானா எரிஞ்சு தீரணும். கையால மறைக்கக் கூடாது. நடுவுல காத்துல அணைஞ்சா, சாமி விடலைன்னு அர்த்தம். அப்புறம் நீரு வாயே திறக்கக் கூடாது.”

“அப்போ ஆவுடையப்பன்கிட்டயே முன்கூட்டிச் சொல்லணுமா?”

“சொல்லாம எப்படித் திருப்பிக் குடுப்பீரு?”

எதிராளியிடமே போய், உனக்கு எதிராக ஏலம் கேட்கப் போகிறேன், வந்து நில்லு என்று சொல்ல வேண்டும். அண்ணாச்சி போய்ச் சொன்னார். முதலாளி சிரித்தார். வர மாட்டேன் என்றால் மாடனுக்குப் பயந்த மாதிரி ஆகிவிடும். “வாறேன். ஏலத்துக்கு முந்தின நாளு சாயந்தரம் வச்சுக்கிடலாம்” என்றார். அவர் ஏன் சாயந்தரம் என்றார் என்பது எங்கள் பக்கத்து ஆளுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆவணியில் சாரல் இன்னும் ஓய்ந்திருக்காது. பொழுது சாயும்போது செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும்; ஆள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கற்பூரம் எம்மாத்திரம்?

அன்றைக்குக் காற்று அப்படித்தான் இறங்கியது. மலை கண்ணில் படவில்லை, ஒரே மேகம். பீடத்து ஆலமரம் பேயாடுகிற மாதிரி ஆடியது. காண்ட்ராக்டர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முதலாளியிடம் வேலை பார்க்கும் கொத்தனார் சொரிமுத்துவும் அவன் ஆட்களும் வந்திருந்தார்கள். பழைய பாலத்தைச் செம்மண்ணில் கட்டியவன் அவன்தான். முதலாளி சொன்னதைக் கட்டினான். அண்ணாச்சி மடியிலிருந்ததை எடுத்துப் பீடத்தில் வைத்தார். பூசாரி ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றினார்.

ஏற்றினதுமே சுடர் படுத்துவிட்டது. நீலமாக ஒரு நுனி மட்டும் கட்டியோடு ஒட்டிக்கொண்டு துடித்தது. அகிலாண்டம் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி முழங்கால் போட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்தார். கை தானாக முன்னால் போய்விடுமோ என்ற பயம்.

“எல்லாரும் தள்ளி நில்லுங்கலே. சாமிக்குக் காத்து வரட்டும்” என்றார் முதலாளி.

எல்லோரும் தள்ளி நின்றார்கள். சுடர் ஒரு நொடி காணாமல் போயிற்று. மறுபடி புள்ளியாக வந்தது. அடுத்த வீச்சு ஆலமரத்தில் இரைந்துகொண்டு வருவது காதில் விழுந்தது. அது இறங்கினால் தீர்ந்தது.

அப்போது சொரிமுத்து பீடத்துக்கு மேல்பக்கம், காற்று வருகிற திசையில் போய் நின்று, வேட்டியை அவிழ்த்தான். உள்ளே கோவணம் இருந்தது, பயப்படாதீர்கள். அவிழ்த்த வேட்டியை இரண்டு கையிலும் அகல விரித்து, இடுப்பில் வைத்துப் பார்த்தான். சரியில்லை என்று மறுபடி விரித்தான். காற்று வேட்டியில் மோதிப் பாய்மரம் மாதிரி உப்பியது. சுடர் நிமிர்ந்தது.

“ஏலே சொரிமுத்து! என்னலே அது, வேட்டியா பந்தலா?”

“இடுப்புல நிக்க மாட்டேங்கு முதலாளி.”

“பூசாரி, இது என்னவே அநியாயம்?”

பூசாரி நிதானமாக வெற்றிலையைத் துப்பினார். “எரிய விடுதவன் கையால மறைக்கக் கூடாதுன்னுதான் சட்டம். ஊர்ல உள்ளவன் வேட்டி கட்டக் கூடாதுன்னு சட்டம் கிடையாது.”

“ஏலே, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்லே நீ!”

“சரி முதலாளி,” என்று சொன்னான் சொரிமுத்து. வேட்டியை இறக்கவில்லை. அவனுக்கு வீட்டில் ஐந்து வாய். அவன் ஆட்களில் ஒருத்தன் பக்கத்தில் போய்த் தன் வேட்டியையும் அவிழ்த்தான். பிறகு இன்னொருத்தன். சிரிக்க வேண்டிய காட்சி, ஆனால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கற்பூரம் மெதுவாக, மிக மெதுவாகக் கரைந்தது. கடைசியில் கல்லில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் மிஞ்சியது. அண்ணாச்சி அதைத் தொட்டு நெற்றியில் வைத்தார். நானும் அகிலாண்டமும் அவரைத் தூக்கிவிட்டோம்.

மறுநாள் காலை ஏலம். போர்டு கட்டடத்துக்கு வெளியே ஜன்னலுக்கு ஜன்னல் தலை. பிரசிடெண்டு மேஜைக்குப் பின்னால். பக்கத்தில் ஓவர்சியர். மதிப்பு எண்ணூறு ரூபாய் என்று வாசித்தார்கள். முதலாளி வழக்கம் போல எழுநூற்றுத் தொண்ணூறு என்றார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

அவர் வாய் திறந்தார். சத்தம் வரவில்லை.

பதினைந்து வருஷமாகத் திறக்காத கதவு. துருப்பிடித்துவிட்டது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உதடு மட்டும் அசைகிறது. “ஒருதரம்” என்று நான் கூறியாக வேண்டும். கூறினேன். ஜன்னலில் யாரோ, “பேசுமய்யா!” என்று கத்தினார்கள். “ரெண்டுதரம்” என்று நான் இழுத்தேன். ரெண்டு என்கிற வார்த்தையில் எவ்வளவு இழுக்கலாம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“எழுநூறு,” என்றார் அண்ணாச்சி. தவளை கத்தின மாதிரி இருந்தது.

“காதுல விழலை,” என்றார் ஓவர்சியர். அவரும் முதலாளி கடை வெற்றிலை போடுகிறவர்தான்.

“எழுநூறு!” இப்போது ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த மாடு மிரண்டது.

முதலாளி மீசையிலிருந்து கையை எடுத்தார். “அறுநூத்தி அம்பது.”

“அறுநூறு.”

“ஐந்நூத்தி அம்பது.”

இங்கேதான் சூட்சுமம். செம்மண்ணில் கட்டுகிறவனுக்கு இருநூறு ரூபாய் கிடைத்தாலும் லாபம். சுண்ணாம்பில் கட்டுகிறவனுக்கு ஐந்நூற்றைம்பதுக்குக் கீழே போனால் கைக்காசு. குறைத்துக் கேட்பவனுக்கே வேலை என்று சட்டம் வைத்தவர்கள் பாலத்தைப் பற்றி யோசிக்கவில்லை. முதலாளிக்கு அது தெரியும். சிரித்துக்கொண்டே அண்ணாச்சி முகத்தைப் பார்த்தார்.

அண்ணாச்சி திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அங்கே அகிலாண்டம் நின்றாள். அவள் கழுத்தில் கிடந்த அட்டிகையைக் கையால் பிடித்து, ஒரு தடவை ஆட்டிக் காட்டினாள். அவ்வளவுதான்.

“ஐந்நூறு.”

“நானூத்தி எம்பது,” என்றார் முதலாளி.

“நானூறு!”

முதலாளி கணக்குப் போடுவது தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம் என்று ஒரே மூச்சில் கூறி மேஜையைத் தட்டிவிட்டேன்.

“ஏலே குத்தாலம்! நடுவுல மூச்சே விடலையேலே நீ!”

“இழுப்பு முதலாளி. நடுவுல விட்டா அப்புறம் வர மாட்டேங்கு.”

பிரசிடெண்டு என்னை முறைத்தார். ஆனால் மதிப்பில் பாதி விலைக்குப் பாலம் கிடைக்கிறது, ஜன்னலில் ஊரே நிற்கிறது. கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு மாசம் பொது மாட்டுப்பட்டிக்கு மாற்றினார்கள். அங்கேயும் நல்ல நல்ல விஷயங்கள் காதில் விழுந்தன, ஆனால் அது இந்தக் கதையில் சேராது.

வேலை கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை. தென்காசியைச் சுற்றியிருந்த சுண்ணாம்புக் காளவாய் எல்லாம் முதலாளி சொல் கேட்கிறவை. “அண்ணாச்சி, நேத்துத்தான் தீர்ந்துது” என்று எல்லாக் காளவாய்க்காரர்களும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கடைசியில் ஆய்க்குடியில் ஒரு காளவாய்க்காரன் கொடுத்தான். அவனுக்கும் முதலாளிக்கும் ஏதோ பெண் எடுத்த தகராறு. வண்டி அனுப்பிக் கொண்டுவரவே புரட்டாசி பிறந்துவிட்டது. சொரிமுத்துதான் கொத்தன். அவன் கல்லை வைத்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தான். முன்னால் கட்டினதை அவன் மறக்கவில்லை என்று தெரிந்தது. அண்ணாச்சி காலையில் வந்தால் இருட்டும் வரை ஓடைக்குள்ளேயே நிற்பார். சுண்ணாம்பு பட்டு விரலெல்லாம் வெந்திருந்தது.

ஐப்பசிக் கடைசியில் வளைவு இரண்டு கரையிலிருந்தும் வந்து நடுவில் முட்டியது. மேலே தளம் போட்டு முடிப்பதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. ஓடை, முதல் நாள் முழங்கால், மறுநாள் கழுத்து. அதற்கப்புறம் யாரும் இறங்கி அளக்கவில்லை.

ஒரு காலையில் அக்கரையிலிருந்து ஆள் பாலத்தின் மேல் ஓடி வந்தான், குழல்வாய்மொழிக்கு வலி கண்டுவிட்டது என்று. நான் போய் ஹாஜரா பீவியைக் கூட்டிவந்தேன். கனத்த சரீரம், தாழங்குடை, கையில் மூட்டை. பாலத்து முனைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தண்ணீர் தளத்துக்கு ஒரு சாண் கீழே ஓடியது. செந்தண்ணீர். வேரோடு ஒரு தென்னை வந்து, வளைவில் முட்டி, சுழன்று, உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. முட்டினபோது எங்கள் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. பாலம் ஒரு ஆள் படுக்கிற அகலம்தான். இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை.

“கைப்பிடி எங்கவே?” என்றாள் ஹாஜரா பீவி.

“இன்னும் கட்டலை பெத்தா,” என்றார் அண்ணாச்சி. நனைந்து, தாடியோடு, பிச்சைக்காரன் மாதிரி நின்றார்.

“கைப்பிடி இல்லாம எப்படிய்யா போறது? எனக்குத் தண்ணியைப் பாத்தாலே தலை சுத்தும். கண்ணைக் கட்டிக்கிட்டு வருது பாரு. நான் மாட்டேன். என்னைக் கொன்னுபோடாத.”

“பாலம் நிக்கும் பெத்தா. நான் சொல்லுதேன்.”

“பாலம் நிக்கும்வே, நான் நிக்கணும்லா!”

அக்கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மழை இரைச்சலுக்கு மேலே வந்தது. பெண் சத்தம். அண்ணாச்சி முகம் பார்க்கிற மாதிரி இல்லை.

சொரிமுத்து பாலத்தின் விளிம்பில் போய் நின்றான், ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. காலை அகட்டி வைத்தான். அவனை அடுத்து அவன் ஆள். அடுத்து இன்னொருத்தன். கல் சுமக்கும் பெண்கள் மாடத்தியும் அவள் தங்கையும் எதிர் விளிம்பில் போய் நின்றார்கள். அண்ணாச்சி அவர்களுக்கு அடுத்து நின்றார். இடைவெளி ஒன்று பாக்கி இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விஷயம் கேட்க வந்தவன், ஓடையில் விழ வந்தவன் அல்ல. ஆனாலும் போய் நின்றேன். குதிகால் வெளியே, விரல் உள்ளே. பின்னால் தண்ணீர் முதுகில் சாரலடித்தது.

“வா பெத்தா. இதான் கைப்பிடி. தோளைப் பிடிச்சு நட.”

“அல்லாவே,” என்றாள் ஹாஜரா பீவி. குடையை எறிந்தாள். மூட்டையைக் கழுத்தில் கட்டினாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு முதல் தோளைப் பிடித்தாள். தோளுக்குத் தோள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. என் தோளில் அவள் கை விழுந்தபோது, அவள் பாரம் முழுக்க என்மேல் சாய்ந்தது. நான் பின்னால் போகிறேன் என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்றவன் என் அரைஞாணைப் பிடித்து இழுத்தான். “நேரா நில்லுலே, கைப்பிடிச் சுவரு ஆடுமாலே?” என்றான். அந்த நேரத்திலும் ஒருத்தனுக்குப் பேச்சு வருகிறது பாருங்கள்.

நடுவில் ஒரு மரக்கட்டை வந்து மோதியது. வளைவு நின்றது. அவள் கடந்துவிட்டாள். அக்கரை மண்ணை மிதித்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல், சேற்றில் வழுக்கி வழுக்கி, ஓட்டமும் நடையுமாகப் போனாள். அகிலாண்டமும் அதே தோள்களைப் பிடித்துக் கடந்து பின்னால் ஓடினாள்.

அண்ணாச்சி மகள் வீட்டுக்குப் போகவில்லை. பாலத்தின் அக்கரை முனையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் நின்று சத்தம் கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை. நாங்களும் நின்றோம். வீட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது, பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் அவர் சொரிமுத்து கையைப் பிடித்துக்கொண்டார். பொறுக்கமாட்டாமல் நான்தான் வீட்டுக்கு ஓடினேன்.

நான் வாசலுக்குப் போகவும் குழந்தை அழவும் சரியாக இருந்தது. அப்படியே திரும்பினேன்.

“அண்ணாச்சி! பொம்பளப் பிள்ளை!”

“குழலி?”

“பேசுதா. ஹாஜரா பீவியை வையுதா, வயித்தை அப்படி அமுக்காதேன்னு.”

அவர் பாலத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். மழையில் அழுதால் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. ஆனால் சத்தம் போட்டு அழுதார், அதனால் தெரிந்துவிட்டது. நாங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அகிலாண்டம் வந்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “உங்களை உள்ள வரச் சொல்லுதா. பிள்ளையைப் பாக்கணுமாம்.”

“குழலியா சொன்னா?”

“வேற யாரு? கருப்பட்டிக் காப்பி போட்டு வச்சிருக்கு. குடிச்சிட்டுப் போவீங்களாம்.”

அண்ணாச்சி எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார். அப்போது அகிலாண்டத்துக்குப் பின்னாலேயே ஹாஜரா பீவி வந்து நின்று, ஓடையைப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது.

“ஆமா, நான் வீட்டுக்கு எப்படிவே போவேன்? மறுபடியும் உங்க தோளைப் பிடிச்சா? அந்த வேலை வேண்டாம். சாயந்தரம் பேட்டையில இன்னொரு பிரசவம் இருக்கு எனக்கு.”

அண்ணாச்சி அவளைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், பிறகு கரையில் குவிந்து கிடந்த கல்லைப் பார்த்தார்.

“சொரிமுத்து, ஒரு ஓலைத் தட்டியைப் பிடிங்கடே மேல. நான் ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு ஓடியாறேன். ஒரு பக்கக் கைப்பிடியை இடுப்பு உயரமாச்சும் வச்சிருவோம்.”